முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்ப் பரவலில் கொழுமிய வளர்சிதைமாற்றம்

முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்ப் பரவலில் கொழுமிய வளர்சிதைமாற்றம் என்பது, ஆண்களின் முன்னிற்கும் சுரப்பியில் (புராஸ்டேட் சுரப்பி) தோன்றும் புற்றுநோய் உயிரணுக்கள் கொழுப்பு அமிலங்கள், கொலஸ்டிரால், பாஸ்போகொழுமியங்கள் முதலியவற்றை ஆக்கும், உள்ளெடுக்கும், சேமிக்கும், எரிக்கும் முறைகளையும், அம்முறைகள் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவத் துணைபுரியும் விதத்தையும் குறிக்கும். புற்றுநோய் தோன்றிய இடத்தை விட்டு வேறிடம் சென்று வளர்வது மாற்றிடமேறல் எனப்படும். பெரும்பாலான புற்றுநோய்கள் சர்க்கரையான குளுக்கோசை மிகுதியாக உட்கொள்பவை. முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயோ தொடக்க நிலையில் குளுக்கோசைவிடக் கொழுப்பையே பெரிதும் சார்ந்திருப்பது அதன் தனித்தன்மையாகும்.

பின்னணி

முன்னிற்கும் சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்வழியைச் சூழ்ந்து அமைந்துள்ள சிறிய சுரப்பி ஆகும். விந்துப் பாய்மத்தின் ஒரு பகுதியை இது சுரக்கின்றது. உலகளவில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள், நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்ததாக அதிகம் கண்டறியப்படுவது முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயே. 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14.7 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 3.97 இலட்சம் பேர் இதனால் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள பெரிய இடைவெளி கவனிக்கத்தக்கது. இந்நோய் உள்ளவர்களுள் பலருக்கு அது மிக மெதுவாக வளர்ந்து, வாழ்நாள் முழுவதும் தீங்கு விளைவிக்காமலே இருந்துவிடுகின்றது. உயிரிழப்பை ஏற்படுத்துவது பெரும்பாலும் பரவிய நோயே. ஐக்கிய அமெரிக்காவில், சுரப்பிக்குள் அடங்கிய நிலையில் நோய் கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழ அனைவரும் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். தொலை உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அவ்வாறு வாழ்கின்றனர். எனவே அமைதியாக இருக்கும் கட்டி எப்போது, எதனால் பரவத் தொடங்குகின்றது என்பது இத்துறையின் மையக் கேள்வியாகும். கொழுமிய வளர்சிதைமாற்றம் அதற்குரிய விடையின் ஒரு பகுதி எனக் கருதப்படுகின்றது.

இந்நோய் பரவுவதில் எலும்புக்கு முதன்மையான இடம் உண்டு. 1,589 நோயாளிகளின் பிணக்கூறாய்வுகளை அடிப்படையாகக் கொண்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், குருதிவழி பரவல் 35 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அவ்வாறு பரவியவர்களுள் 90 விழுக்காட்டினருக்கு எலும்பிலும், 46 விழுக்காட்டினருக்கு நுரையீரலிலும், 25 விழுக்காட்டினருக்குக் கல்லீரலிலும் நோய் இருந்தது.

இயல்பான சுரப்பியின் வளர்சிதைமாற்றம்

உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் சிட்ரிக் அமிலத்தை இழைமணிகளில் சிட்ரிக் அமிலச் சுழற்சியின் வழியே ஆக்சிசனேற்றம் செய்து ஆற்றலைப் பெறுகின்றன. முன்னிற்கும் சுரப்பியின் மேலணி உயிரணுக்கள் இதற்கு விதிவிலக்கானவை. இவை துத்தநாகத்தை மிக அதிக அளவில் சேர்த்து வைக்கின்றன. அத்துத்தநாகம் அகோனிட்டேசு என்னும் நொதியத்தைத் தடுப்பதால் சுழற்சி பாதியிலேயே நின்றுவிடுகின்றது. எரிக்கப்படாத சிட்ரேட்டு விந்துப் பாய்மத்தினுள் சுரக்கப்படுகின்றது. ஆற்றலை விட்டுக்கொடுத்துச் சுரப்புப் பணியைச் செய்யும் இவ்வியல்பை அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெசுலி காசுட்டெல்லோ, ரென்ட்டி பிராங்க்ளின் ஆகியோர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து விளக்கினர்.

உயிரணு புற்றாக மாறும்போது துத்தநாகத்தை உள்ளெடுக்கும் ஆற்றலை இழக்கின்றது. அதனால் அகோனிட்டேசின் மீதான தடை நீங்கிச் சிட்ரிக் அமிலச் சுழற்சி முழுமையாக இயங்கத் தொடங்குகின்றது. முன்னர் வெளியேற்றப்பட்ட சிட்ரேட்டு இப்போது இரு வழிகளில் பயன்படுகின்றது. ஒரு பகுதி ஆற்றலுக்காக எரிக்கப்படுகின்றது. மற்றொரு பகுதி இழைமணியிலிருந்து வெளியே வந்து, கொழுப்பு அமிலங்களையும் கொலஸ்டிராலையும் ஆக்குவதற்கான மூலப்பொருளாகிய அசிட்டைல் துணைநொதியம்-ஏ ஆக மாறுகின்றது. இவ்வாறு கொழுமிய வளர்சிதைமாற்றத்தின் மாறுதல் நோயின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிடுகின்றது.

ஆய்வு வரலாறு

* 1920களில் செருமானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க், புற்றுநோய்க் கட்டிகள் ஆக்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசை லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டறிந்தார். முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயின் தொடக்க நிலை இப்பொது விதியுடன் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது பின்னரே தெரியவந்தது.
* 1941 இல் சார்லசு அக்கின்சு, கிளாரன்சு ஓட்சசு ஆகியோர், விரைகளை அகற்றி ஆண்மை இயக்குநீரைக் குறைத்தால் பரவிய முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் பின்வாங்குவதைக் காட்டினர். இதற்காக அக்கின்சு 1966 இல் நோபல் பரிசு பெற்றார்.
* 1942 இல் சுவையர் என்பவர், வீங்கிய முன்னிற்கும் சுரப்பிகளில் கொலஸ்டிரால் மிகுந்திருப்பதை அறிவித்தார்.
* 1953 இல் மீடசும் அவருடைய குழுவினரும், கட்டித் திசுக்கள் தமக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்வதைக் காட்டினர்.
* 1994 இல் மார்பகப் புற்றுநோயில் மோசமான விளைவைச் சுட்டும் புரதம் ஒன்று, கொழுப்பு அமிலத் தொகுப்பி என்னும் நொதியமே என அடையாளம் காணப்பட்டது.
* 1997 இல் பெல்சியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் யோகான் சுவின்னன் குழுவினர், ஆண்மை இயக்குநீர்கள் கொழுப்பு ஆக்க மரபணுக்கள் பலவற்றை ஒருங்கே தூண்டுவதை முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் உயிரணுக்களில் கண்டறிந்தனர்.

கொழுப்பு அமிலங்களை ஆக்குதல்

வளர்ந்த மனிதரின் பெரும்பாலான திசுக்கள் உணவின் வழியே வரும் கொழுப்பையே பயன்படுத்துகின்றன. புதிதாகக் கொழுப்பு அமிலம் ஆக்கும் பணி முதன்மையாகக் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் பால்சுரக்கும் மார்பகத்திலும் நிகழ்கின்றது. முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் உயிரணுக்களோ, குருதியில் கொழுப்பு தாராளமாகக் கிடைக்கும்போதும் தாமே அதனை ஆக்குகின்றன.

இப்பணியின் இறுதிக் கட்டத்தைச் செய்வது கொழுப்பு அமிலத் தொகுப்பி ஆகும். இது ஒரு அசிட்டைல் அலகையும் ஏழு மலோனைல் அலகுகளையும் இணைத்து, 16 கார்பன் அணுக்கள் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தை உருவாக்குகின்றது. இயல்பான சுரப்பியில் குறைவாக உள்ள இந்நொதியம் புற்றுநோயில் மிகுதியாகின்றது. பரவிய நோயில் இதன் அளவு பெரும்பாலும் மேலும் உயர்ந்து காணப்படுகின்றது.

உருவாகும் கொழுப்பு அமிலங்கள் ஆற்றலுக்கு மட்டுமன்றி வேறு பல தேவைகளுக்கும் பயன்படுகின்றன:

* புதிய உயிரணுப் படலங்கள்: ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு அதன் படலத்தை இருமடங்காக்க வேண்டும்.
* படலத்தின் உறுதி: புதிதாக ஆக்கப்படும் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நிறைவுற்றவையும் ஓரிரட்டைப் பிணைப்புக் கொண்டவையும் ஆகும். இவை மிகுந்த படலம் ஆக்சிசனேற்றச் சிதைவை எளிதில் அடைவதில்லை. இதனால் உயிரணு சில வேதிமருந்துகளிலிருந்தும் தற்காத்துக்கொள்கின்றது என 2010 இல் லூவன் குழுவினர் காட்டினர்.
* சமிக்ஞைகள்: படலத்தில் கொலஸ்டிராலும் நிறைவுற்ற கொழுமியங்களும் செறிந்த நுண்பகுதிகள், வளர்ச்சியைத் தூண்டும் ஏற்பிப் புரதங்களுக்கு மேடைகளாக அமைகின்றன.

ஆண்மை இயக்குநீரின் பங்கு

கொழுப்பு ஆக்கத்தை நெறிப்படுத்தும் தலைமைப் புரதங்கள் எஸ்.ஆர்.ஈ.பி.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றன. கொலஸ்டிரால் குறித்த ஆய்வுக்காக 1985 இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுன், யோசப் கோல்ட்சுடைன் ஆகியோரின் ஆய்வகம் இவற்றைக் கண்டறிந்தது. உயிரணுவில் கொலஸ்டிரால் குறையும்போது இப்புரதங்கள் வெட்டப்பட்டு, உட்கருவினுள் சென்று, கொழுப்பு ஆக்க மரபணுக்களை இயக்குகின்றன. போதிய கொலஸ்டிரால் சேர்ந்ததும் இவ்வியக்கம் தானாகத் தணிய வேண்டும். முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயில் ஆண்மை இயக்குநீர் ஏற்பி இவ்வியக்கத்தைத் தொடர்ந்து தூண்டுவதால், தணிக்கும் ஒழுங்கு குலைகின்றது.

ஆண்மை இயக்குநீரைத் தடுக்கும் மருத்துவம் அளிக்கப்படும்போது கொழுப்பு ஆக்கமும் முதலில் குறைகின்றது. காலப்போக்கில் நோய் இம்மருத்துவத்துக்கு அடங்காத நிலையை அடையும்போது, கொழுப்பு ஆக்க நொதியங்கள் மீண்டும் உயர்கின்றன. இதனால் கொழுப்பு ஆக்கம் இயக்குநீர் மருத்துவத்திற்கு எதிரான தடுதிறனின் ஒரு பகுதியாகவும் பார்க்கப்படுகின்றது.

கொலஸ்டிரால்

கொலஸ்டிரால் இந்நோயில் இருவகையில் முக்கியமானது. முதலாவது, உடலின் எல்லா ஆண்மை இயக்குநீர்களும் கொலஸ்டிராலிலிருந்தே உருவாகின்றன. விரைகளின் இயக்குநீர் நிறுத்தப்பட்ட பின்னரும், கட்டி தன்னுள்ளேயே கொலஸ்டிராலிலிருந்தோ அட்ரீனல் சுரப்பியின் முன்னோடிப் பொருள்களிலிருந்தோ ஆண்மை இயக்குநீரைப் பெறக்கூடும். 2011 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அபிராட்டெரோன் என்னும் மருந்து இவ்வாக்கப் பாதையின் ஒரு படியைத் தடுத்துச் செயற்படுகின்றது.

இரண்டாவது, சேமிப்பு. 2014 இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி-சின் செங் குழுவினர், இராமன் ஒளிச்சிதறல் நுண்ணோக்கியின் உதவியால் நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்தனர். தீவிரமான கட்டிகளிலும் மாற்றிடமேறிய கட்டிகளிலும் கொலஸ்டிரால் எசுத்தர் நிறைந்த கொழுமியத் துளிகள் மிகுந்திருந்தன. இயல்பான திசுவில் அவை காணப்படவில்லை. பிடென் என்னும் கட்டியடக்கி மரபணு இழக்கப்படுவதே இச்சேமிப்புக்குக் காரணம் என்றும், சேமிப்பைத் தடுத்தால் சோதனை எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைகின்றது என்றும் அவர்கள் அறிவித்தனர்.

பரவலைத் தூண்டும் மரபணு மாற்றங்கள்

பிடென் மரபணுவின் இழப்பு முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படுவது. ஆயினும் எலிகளில் பிடென் மட்டும் இழக்கப்பட்டால் கட்டி தோன்றினாலும் அது எளிதில் பரவுவதில்லை. 2018 இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் பியர் பாவுலோ பண்டோல்பி தலைமையிலான குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கமளித்தது. பிடென் மரபணுவுடன் பி.எம்.எல். என்னும் மற்றொரு கட்டியடக்கி மரபணுவும் இழக்கப்பட்டபோது, எஸ்.ஆர்.ஈ.பி.பி. புரதங்கள் மிகையாக இயங்கிக் கட்டியில் கொழுப்பு நிறைந்து, நோய் பரவியது.

இவ்வாய்வின் அடுத்த கட்டம் பரவலாகக் கவனிக்கப்பட்டது. பி.எம்.எல். மரபணு கெடாமல் பிடென் மட்டும் இழந்திருந்த எலிகளுக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு அளிக்கப்பட்டபோது, அவற்றின் கட்டிகளும் பரவத் தொடங்கின. அதாவது, மரபணு மாற்றம் செய்த வேலையை உணவே செய்ய முடிந்தது. எஸ்.ஆர்.ஈ.பி.பி. புரதங்களைத் தடுக்கும் பேட்டோசுடாட்டின் என்னும் ஆய்வுநிலை வேதிப்பொருள் பரவலைத் தடுத்தது. இவை எலிகளில் பெறப்பட்ட முடிவுகள் என்பதும், மனிதரின் உணவுக்கு இவற்றை அப்படியே பொருத்த இயலாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

வெளியிலிருந்து கொழுப்பை உள்ளெடுத்தல்

புற்றுநோய் உயிரணுக்கள் கொழுப்பை ஆக்குவதுடன் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சவும் செய்கின்றன. உயிரணுப் படலத்திலுள்ள சிடி36 என்னும் புரதம் கொழுப்பு அமிலங்களை உள்ளே கொண்டுசெல்லும் வாயில்களுள் ஒன்று. 2017 இல் பார்செலோனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வாய்ப் புற்றுநோயில் மாற்றிடமேறலைத் தொடங்கும் உயிரணுக்கள் இப்புரதத்தை மிகுதியாகக் கொண்டிருப்பதைக் கண்டனர். 2019 இல் ஆத்திரேலியாவின் மத்தியூ வாட், ரெனியா டெய்லர் ஆகியோரின் குழுவினர், முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயிலும் சிடி36 வழியான உள்ளெடுப்பைத் தடுத்தால் எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைவதைக் காட்டினர். உள்ளெடுப்பு தடுக்கப்பட்டபோது கட்டிகள் கொழுப்பு ஆக்கத்தை அதிகரித்து ஈடுசெய்ய முயன்றன. எனவே இரு வழிகளையும் ஒருங்கே அடைப்பது பயன்தரக்கூடும் என்ற கருத்து எழுந்தது.

சுரப்பியைச் சூழ்ந்துள்ள கொழுப்புத் திசுவும் பரவலில் பங்குகொள்கின்றது. 2016 இல் பிரான்சின் துலூசு நகர ஆய்வாளர்கள், இக்கொழுப்புத் திசு சுரக்கும் ஈர்ப்புப் புரதம் ஒன்று புற்றுநோய் உயிரணுக்களைச் சுரப்பிக்கு வெளியே இழுப்பதையும், உடற்பருமனில் இவ்வீர்ப்பு வலுப்பெறுவதையும் விவரித்தனர்.

எலும்பு மச்சையும் கொழுப்பு உயிரணுக்களும்

இந்நோய் எலும்பை நாடுவதற்கு நெடுங்காலமாகக் கூறப்பட்ட காரணம் குருதிக்குழாய்களின் அமைப்பாகும். இடுப்புப் பகுதிச் சிரைகள் முதுகெலும்புச் சிரைகளுடன் நேரடியாகத் தொடர்புற்றிருப்பதை 1940 இல் ஆசுக்கர் பாட்சன் விளக்கினார். உயிரணுக்கள் எலும்பை அடைவதை இது விளக்கினாலும், அங்கே அவை தழைப்பதை விளக்கவில்லை.

வளர்ந்தவர்களின் எலும்பு மச்சையில் கொழுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. மச்சையின் கன அளவில் 50 முதல் 70 விழுக்காடு வரை கொழுப்பே இருக்கக்கூடும். அகவை கூடக்கூட இதன் அளவும் கூடுகின்றது. முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் முதியவர்களையே மிகுதியாகத் தாக்குவதால், அவ்வுயிரணுக்கள் சென்று சேரும் இடம் கொழுப்பு நிறைந்த களஞ்சியமாக உள்ளது. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரிலுள்ள வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசபெலா போட்கோர்சுக்கி குழுவினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மச்சையின் கொழுப்பு உயிரணுக்கள் தம் கொழுப்பு அமிலங்களைப் புற்றுநோய் உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. கொழுப்பு அமிலங்களைப் பிணைத்துச் சுமக்கும் புரதம் ஒன்று இம்மாற்றத்திற்கு உதவுகின்றது.

கொழுப்பை எரித்தல்

பரவும் உயிரணு கட்டியை விட்டுப் பிரிந்து, குருதியில் மிதந்து, புதிய இடத்தில் நிலைகொள்ள ஆற்றல் வேண்டும். ஒரு பால்மிட்டிக் அமில மூலக்கூறு முழுமையாக எரிக்கப்படும்போது ஏறத்தாழ 106 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து கிடைப்பவை 30 முதல் 32 வரையே.

கொழுப்பு எரிப்புடன் தொடர்புடைய நொதியங்களுள் ஒன்று கிளைச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைக் கையாளும் ஆல்பா-மெத்தில்அசைல் துணைநொதியம்-ஏ ராசிமேசு ஆகும். இவ்வமிலங்கள் மாட்டிறைச்சியிலும் பால் பொருள்களிலும் உள்ளன. இந்நொதியம் புற்றுநோயில் மிகுந்து காணப்படுவதால், திசு ஆய்வில் நோயை உறுதிசெய்யும் சாயமேற்றலில் இது பயன்படுத்தப்படுகின்றது.

கொழுப்பு எரிப்பு உயிரணுவுக்குத் தற்காப்பாகவும் அமைகின்றது. பல இரட்டைப் பிணைப்புக் கொண்ட கொழுப்பு அமிலங்கள் படலத்தில் மிகுந்தால், அவை இரும்பின் துணையால் ஆக்சிசனேற்றமடைந்து உயிரணுவைக் கொல்லக்கூடும். இவ்வகை இறப்புக்கு 2012 இல் தனிப்பெயர் இடப்பட்டது. இவ்வமிலங்களை எரிக்க உதவும் நொதியம் ஒன்றைப் புற்றுநோய் உயிரணுக்கள் மிகுதியாகக் கொண்டுள்ளன என்றும், அதனை நீக்கினால் அவை இவ்வகை இறப்புக்கு எளிதில் உள்ளாகின்றன என்றும் 2020 இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன.

நோயறிதலில் பயன்பாடு

பொசித்திரன் உமிழ்வுப் படமெடுப்பில் பொதுவாகக் கதிரியக்கமூட்டப்பட்ட குளுக்கோசு போன்ற பொருள் பயன்படுகின்றது. முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் தொடக்கத்தில் குளுக்கோசைக் குறைவாகவே உட்கொள்வதால், இம்முறை இந்நோயில் பெரும்பயன் அளிப்பதில்லை. மாறாக, படலக் கொழுமியங்களின் ஆக்கத்திற்கு வேண்டிய கோலினும், கொழுப்பு ஆக்கத்திற்கு வேண்டிய அசிட்டேட்டும் கார்பன்-11 கொண்டு குறியிடப்பட்டுப் பயன்படுத்தப்பட்டன. கார்பன்-11 கோலினுக்கு 2012 இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. கொழுமிய வளர்சிதைமாற்றத்தைச் சாராமல், புற்றுநோய் உயிரணுவின் மேற்பரப்புப் புரதம் ஒன்றை நாடும் கேலியம்-68 படமெடுப்பு முறைக்கு அந்நாட்டில் 2020 இல் ஒப்புதல் கிடைத்த பின்னர் கோலினின் பயன்பாடு குறைந்தது. காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறையில், சிட்ரேட்டு குறைந்து கோலின் கூடியிருப்பது புற்றுநோயின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது.

மருத்துவ முயற்சிகள்

கொழுமிய வளர்சிதைமாற்றத்தைக் குறிவைத்து உருவாக்கப்பட்ட பொருள்களுள் சில:

* கொழுப்பு அமிலத் தொகுப்பியைத் தடுப்பவை: செருலெனின், சி75 ஆகியவை தொடக்ககால ஆய்வுப் பொருள்கள். சி75 எலிகளில் கடுமையான எடையிழப்பை ஏற்படுத்தியது. உடல் எடைக் குறைப்பு மருந்தாகிய ஓர்லிசுட்டாட்டும் இந்நொதியத்தைத் தடுப்பது 2004 இல் கண்டறியப்பட்டது. ஆனால் அது குடலிலிருந்து மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் கட்டியை அடைவதில்லை. பிற்கால மருந்தான டெனிபான்சுட்டாட்டு, கொழுப்புக் கல்லீரல் நோயிலும் சில புற்றுநோய்களிலும் மருத்துவச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டுள்ளது.
* கொழுப்பு எரிப்பைத் தடுப்பவை: எட்டோமோக்சிர் ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படுகின்றது. இதயச் செயலிழப்புக்காக மனிதரில் சோதிக்கப்பட்டபோது கல்லீரல் பாதிப்புக் குறித்த கவலையால் அச்சோதனை நிறுத்தப்பட்டது.
* சுட்டாட்டின்கள்: கொலஸ்டிரால் ஆக்கத்தைத் தடுக்கும் இம்மருந்துகளை உட்கொள்வோரிடம் முற்றிய முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் குறைவாக உள்ளது என 2006 இல் அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு தெரிவித்தது. இது தொடர்பைக் காட்டுவதே அன்றிக் காரணத்தை நிறுவுவது அன்று.

கொழுப்பு ஆக்கமும் எரிப்பும் கல்லீரல், இதயம் முதலிய உறுப்புகளுக்கும் இன்றியமையாதவை. கட்டியை மட்டும் பாதித்து அவ்வுறுப்புகளைப் பாதிக்காத மருந்தை உருவாக்குவதே இத்துறையின் பெரிய இடர்ப்பாடாகும்.

உணவும் உடற்பருமனும்

உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2014 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மிகையான உடற்கொழுப்பு முற்றிய முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்க்கு ஒரு காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி எனக் கூறியது.

மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைப் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று, குருதியில் இவை மிகுந்தவர்களுக்கு நோய் வாய்ப்புக் கூடுதல் என்றது. பெரிய அளவில் நடத்தப்பட்டு 2018 இல் முடிவு வெளியான வைட்டல் சோதனையில், நாள்தோறும் உட்கொண்ட ஒமேகா-3 மாத்திரைகள் புற்றுநோய் தோன்றுவதைக் குறைக்கவில்லை. 2024 இறுதியில் லாசு ஏஞ்சல்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட சிறு சோதனையில், மருத்துவம் இன்றிக் கண்காணிப்பில் இருந்த நோயாளிகள் ஓராண்டுக்கு ஒமேகா-6 குறைந்த, ஒமேகா-3 மிகுந்த உணவுடன் மீன் எண்ணெயும் உட்கொண்டனர். அவர்களின் கட்டிகளில் உயிரணுப் பிரிவைச் சுட்டும் குறியீடு ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைந்தது. ஆயினும் கட்டியின் தரநிலையில் வேறுபாடு ஏற்படவில்லை. நோய் தோன்றுவதும், தோன்றிய நோய் வளர்வதும், வளர்ந்த நோய் பரவுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதால், இவ்வாய்வுகள் வெவ்வேறு கேள்விகளுக்கே விடையளிக்கின்றன.

ஆண்மை இயக்குநீரைத் தடுக்கும் மருத்துவம் உடற்கொழுப்பையும் குருதிக் கொலஸ்டிராலையும் கூட்டி, இன்சுலின் தடுதிறனையும் ஏற்படுத்துகின்றது. இந்நோய் உள்ளவர்களின் இறப்புக்கு இதய நோயும் ஒரு முக்கிய காரணமாக இருப்பதால், அளவான உடல் எடையும் உடற்பயிற்சியும் புற்றுநோய்ப் பரவலில் அவற்றின் விளைவு எதுவாயினும் பரிந்துரைக்கப்படுகின்றன.

மேலும் காண்க

* முன்னிற்கும் சுரப்பி
* புற்றுநோய்
* கொழுப்பு அமிலம்
* கொலஸ்டிரால்
* எலும்பு மச்சை
* சிட்ரிக் அமிலச் சுழற்சி